குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை: செட்டிநாட்டில் நாள்குறிப்பு எழுதத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவின் மோல்மேனில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடைசியில் மேலாளாகவும் இருந்தவர். அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு ஒன்று எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில், பித்தளைச் சாமான்களுக்கு அடியில் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. அதன்கீழ் வருஷம், மாதம், தேதி, கிழமை. பிறகு வரவு, பற்று. விஷு வருஷம் மார்கழியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “ரங்கூனில் குண்டு விழுந்ததாகத் தகவல். கடை திறக்கவில்லை. அரிசி, பருப்பு வாங்கி வைத்தது. ஊருக்கு எழுதிய கடிதம் தபாலில் சேர்க்கவில்லை.”

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அப்போது அது மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு தேதி. ஐயாவின் நான்கு வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் என்ற சொல்லே அதில் கிடையாது. அரிசி வாங்கியதும் கடிதம் சேராததும்தான் இருக்கின்றன.

செய்தியில் படித்தது, கண்மாயில் பார்த்தது, போய்வந்த ஊர், கும்பிட்ட திருநாள், புரட்டிய புத்தகம் என்று அன்றாடம் மனதில் படுவதை எழுத வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. தொடங்கிய 10 நாளில் நின்றுபோகிறது. இந்த ஊர்களுக்கு வேலைக்காகவோ படிப்புக்காகவோ புதிதாக வந்தவர்களும், இங்கேயே பிறந்து இப்போதுதான் எழுத நினைப்பவர்களும் கேட்பதால், நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. நம் பழைய கணக்கெழுத்தில் மூன்று படிகள் உண்டு. நடந்ததை நடந்த வரிசையில் அன்றன்றே எழுதுவது குறிப்பேடு. அதை ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. ஆண்டு முடிவில் இருப்பும் நிலுவையும் பார்ப்பது ஐந்தொகை. நாள்குறிப்புக்கும் இதுவே போதும்.

முதலில் நோட்டு

200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். விலை உயர்ந்த தோல் அட்டை டைரி வேண்டாம். அதில் எழுதக் கை கூசும், நல்ல வாக்கியம் வரட்டும் என்று காத்திருப்போம். வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். பின்னால் தெரியவந்தது, தவறென்று புரிந்தது, வேறொருவர் சொன்னது எல்லாம் அங்கே வரும். என் நோட்டுகளில் வலப்பக்கத்தைவிட இடப்பக்கமே இன்று எனக்குப் பயன்படுகிறது. செல்போனில் எழுதப் பிடிக்குமென்றால் எழுதுங்கள், ஆனால் அதிலும் ஒவ்வொரு நாளுக்கும் கீழே திருத்தத்துக்கு இடம் விடுங்கள்.

பக்கத்தின் தலையில் நான்கு விவரம்: ஆங்கிலத் தேதி, தமிழ் மாதத் தேதி, இருக்கும் ஊர், அன்றைய வானம். தமிழ்த் தேதியை விட்டுவிடாதீர்கள். இங்கே திருவிழா, நோன்பு, கல்யாணம், விதைப்பு எல்லாம் அதை வைத்தே நடக்கின்றன. மூன்று வருஷம் கழித்து, பங்குனி 10-ஆம் தேதி வேம்பு பூத்திருந்ததா என்று பார்க்க வேண்டுமானால் அந்த வரி கைகொடுக்கும்.

நேரம் கால்மணி போதும். நான் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதிவிடுவேன். சாப்பிட்டபின் உட்கார்ந்தால் தள்ளிப்போகும்.

கண்டது, கேட்டது, தோன்றியது

இதுதான் இந்த முறையின் உயிர். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். கண்ணால் கண்டதற்கு ‘க’. பிறர் சொன்னதற்கும் படித்ததற்கும் ‘கே’. மனதில் தோன்றியதற்கு ‘தோ’. புதிதாக எழுதுபவர்களின் முதல் பக்கங்களில் பெரும்பாலும் ‘தோ’ மட்டுமே இருக்கும். “பழைய வீடுகள் அழிந்து வருவது வேதனை அளிக்கிறது” என்று ஒரு வரி. எந்த வீடு, எந்தத் தெரு, என்ன அழிந்தது என்று தெரியாது. எழுதியவருக்கே அடுத்த வருஷம் நினைவு வராது.

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

க: கானாடுகாத்தான், பெரிய வீடு ஒன்றின் பின்வாசல் தெரு. தேக்கு நிலை ஒன்றை நான்கு பேர் லாரியில் ஏற்றினார்கள். நிலையின் மேல் கஜலட்சுமி. ஒரு யானையின் துதிக்கை முன்பே உடைந்திருக்கிறது.
கே: டீக்கடையில் சொன்னது: பங்காளிகள் 18 புள்ளி (குடும்பம்), எல்லோரும் கையெழுத்துப் போட 6 வருஷம் ஆனதாம்.
தோ: நிலை இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

வேதனை என்று எழுதவே இல்லை. படிப்பவருக்கு அது போய்ச் சேர்கிறது. ‘க’ இரண்டு வரியாவது இல்லாமல் ‘தோ’ எழுதுவதில்லை என்று ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியை எழுதும்போது

நாளிதழில் ஒரு செய்தியை மட்டும் எடுங்கள். நடந்தது என்ன, சொல்பவர் யார், நம் தெருவில் அது எங்கே தெரியும் என்று மூன்று வரி. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலையும் அப்போதுதான் ஆயின. செய்தியாக அது அவ்வளவுதான். நாள்குறிப்பில் அதற்கு மேல் எழுத நிறைய இருந்தது: எந்தப் பலகையில் ‘நகராட்சி’ முதலில் அழிந்தது, வரி ரசீதில் என்ன மாறியது, குப்பை வண்டி வரும் நேரம் மாறியதா.

இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். ஓர் ஐப்பசியில், எங்கள் பக்கத்துக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது என்று ஒரு செய்தி வந்தது. படித்த மகிழ்ச்சியில் ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மடைக்கல் பாதிக்குமேல் வெளியே நிற்கிறது. அதே பெயரில் வேறொரு கண்மாய் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. செய்தி அதைப் பற்றியது. வலப்பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இடப்பக்கத்தில் நான் பார்த்ததை எழுதி, தேதி போட்டேன். அன்றிலிருந்து, நடந்தோ சைக்கிளிலோ போய்ப் பார்க்கக்கூடிய செய்தியைப் போய்ப் பார்க்காமல் எழுதுவதில்லை.

ஒரே ஊருணி, ஒரே படி

இயற்கையைப் பற்றி எழுத மலைக்கும் காட்டுக்கும் போகவேண்டியதில்லை. செட்டிநாடு வறண்ட செம்மண் பூமி. அதனாலேயே தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் இங்கே கண்ணுக்குத் தெரியும். உங்கள் ஊரில் ஓர் ஊருணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, முடிந்தால் ஒரே நேரத்தில், போய் நில்லுங்கள். தண்ணீருக்கு மேல் எத்தனை படிக்கட்டு தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியாது. ஆடியில் 11 படி, கார்த்திகையில் 3 படி என்று ஒரு வருஷம் எழுதிவிட்டால், அந்தத் தண்ணீர் உங்களுக்கு உறவாகிவிடும்.

மழையையும் அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவைத் திறந்த மொட்டை மாடியில் வையுங்கள். காலையில் பள்ளிக்கூட ஸ்கேலை விட்டுப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அதுதான் மழை. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். வீட்டின் நடுமுற்றப் பகுதியான வளவைச் சுற்றிய ஓட்டுச் சரிவு 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் மழைக்கு 2,500 லிட்டர் முற்றத்தில் இறங்கும். நான்கு பக்க ஓடும் உள்நோக்கிச் சரிவதும், முற்றத்து ஓரங்களில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்ததும், மிச்சத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போனதும் ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு விளங்கியது. அதற்குமுன் முற்றத்தை அழகு என்று மட்டுமே எழுதியிருந்தேன்.

பறவைக்கு, ஐப்பசி மழை பிடித்தபின் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய கண்மாய்கள் சேர்ந்தது அது. 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவையின் பெயர் தெரியவில்லையென்றால் கவலை வேண்டாம். உடல் நிறம், அலகின் வடிவம், கால் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். பெயர் பிறகு இடப்பக்கத்தில் வந்துசேரும். நத்தைகுத்தி நாரையை நான் முதலில் எழுதியது, “அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரிகிறது” என்றுதான்.

பயணம்: ஒரு நாளைக்கு ஓர் இடம்

நாட்டுக்கோட்டை நகரத்தாருக்குரிய நகரக்கோவில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. கும்பிடுவதற்கு அது சரி. எழுத விரும்பினால் இளையாற்றங்குடிக்கு மட்டும் ஒருநாள், வைரவன்பட்டிக்கு மட்டும் ஒருநாள் என்று போங்கள். பஸ் ஏறிய இடம், டிக்கெட் விலை, உடன் உட்கார்ந்தவர் மடியில் என்ன வைத்திருந்தார் என்பதுவரை எழுதுங்கள். கோட்டையூரில் பிறந்து, காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாகச் சுற்றிப் படச்சுருள் திரட்டி, 1940-இல் அதை வெளியிட்ட ஏ.கே. செட்டியார் நம் பக்கத்துக்காரர். தமிழில் பயணம் எழுதுபவர்களுக்கு அவர் முன்னோடி. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் ஆத்தங்குடிவரை நாம் போகலாம்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் போடும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் எழுத என்ன கிடைக்கிறது என்பதற்கு என் குறிப்பிலிருந்து: கீழே ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிமெண்ட் கலந்த நிறக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. அச்சைத் தூக்கும்போது அந்த அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நிறங்கள் கலக்கவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்குமேல் சிமெண்டுக் கலவை அப்பி, கரணையால் சமன் செய்தார். உலர்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு காயவைப்பார்கள். சூளை கிடையாது. கண்ணாடி விட்டுக்கொடுத்து வரும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. நாம் காலில் மிதிக்கும் பக்கம்தான் செய்யும்போது கீழே, கண்ணுக்கு மறைந்து இருக்கிறது. இதை நான் ‘தோ’வில் எழுதினேன். நேரில் நிற்காமல் எனக்குத் தோன்றியிருக்காது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் இரவில் எழுதலாம் என்று நினைக்கவேண்டாம். கால் வலியில் நடக்காது. தங்கும் இடந்தோறும் இரண்டு வரி போதும்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

புதிதாக வந்தவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். “உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எந்த ஆச்சியும், “என்னத்தப்பா சொல்றது, எல்லாம் முந்தி மாதிரியா இருக்கு?” என்று முடித்துவிடுவார். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள்.

“ஆச்சி, இந்தத் தூக்குச்சட்டி யாரு வீட்டுச் சீர்?”

“இதா? எங்காயா வீட்டுச் சாமான். எங்காத்தா கல்யாணத்துக்கு வச்சது. அடியில பேரு வெட்டியிருக்கு, திருப்பிப் பாரு.”

திருப்பினேன். ஊர் எழுத்து, ஐயா பெயர், மகள் பெயர், வரிசையாகப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தது. அந்த ஒரு சட்டியிலிருந்து பர்மா, கப்பல், கல்யாணத்தில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமான இசைகுடிமானம், அன்று பரப்பிய சாமான் என்று பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. நான் நடுவில் பேசவில்லை. எழுதவும் இல்லை, முன்னால் உட்கார்ந்து எழுதினால் பேச்சு விறைத்துப்போகும். வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து, மறப்பதற்குள் அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே எழுதினேன். ‘வச்சது’ என்று சொன்னதை ‘வழங்கியது’ என்று திருத்திவிடாதீர்கள். சொல் போனால் ஆளும் போய்விடும்.

பிள்ளையார் நோன்பை எழுத வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஓர் இழை நூல் எடுத்து வைத்து, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் அந்த 21 இழைகளையும் திரியாக்கி, இனிப்பு மாவில் பொதித்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டு விழுங்குவார்கள். வீட்டுப் பெரியவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சுடர் உதட்டை நெருங்கும்போது குழந்தைகளின் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. வளவைத் தாண்டி உள்ளே போகவும், படம் எடுக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னோரை வழிபடும் இடமான சாமி வீட்டை எட்டிப் பார்க்காதீர்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நடக்கும் வீட்டில் பங்காளிகள் கூப்பிட்டால் மட்டும் நில்லுங்கள். பங்கு வழக்கு, சீர்ச் செலவு போன்ற வீட்டு விவகாரம் காதில் விழுந்தால், பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு எழுதுங்கள். அதையும் வெளியில் கொடுக்க வேண்டாம்.

படித்ததை எழுதுவது

புத்தகத்தின் கதைச்சுருக்கம் எழுதவேண்டாம். பக்க எண், நிறுத்திய ஒரு வாக்கியம், ஏன் நிறுத்தியது, இவ்வளவுதான். படித்ததை ஊரில் தேடிப் போவது இங்கே எளிது. கம்பனைப் படிக்கத் தொடங்கினால், சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் பங்குனியில் எடுக்கும் விழாவுக்குப் போங்கள். கம்பன் சமாதி நாட்டரசன்கோட்டையில் இருக்கிறது. பாரதி 1919-இல் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தார். கையில் தடியோடு அவர் நிற்கும் புகைப்படம் காரைக்குடியில், இந்து மதாபிமான சங்கத்தார் எடுத்தது. சிறுவயதிலிருந்து பார்த்த அந்தப் படம் நான் தினமும் நடக்கும் ஊரில் எடுத்தது என்று தெரிந்த நாளில், நோட்டில் ஒரே வரிதான் எழுத முடிந்தது.

கையில் கிடைக்கும் காகிதத்தையும் விடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீசு போன்ற, மற்றவர்கள் தூக்கிப்போடும் துண்டுக் காகிதங்களையும் சேர்த்தவர். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் அந்தத் தொகுப்பை வாங்கியது. அது சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக நிற்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீசு, பஸ் டிக்கெட் ஆகியவற்றை அந்தந்தத் தேதியின் இடப்பக்கத்தில் ஒட்டுங்கள். மைதாப் பசை வேண்டாம், பூச்சி அரிக்கும்.

பேரேட்டில் ஏற்றுவது

மாதக் கடைசி ஞாயிறு காலையில் இன்னொரு நோட்டை எடுங்கள். ஊருணி, மழை, பஸ், சாமான்கள், சொற்கள், கேட்ட கதை என்று உங்களுக்கு வந்துசேர்ந்த தலைப்புகளைப் பிரியுங்கள். முன்கூட்டித் தலைப்புப் போடவேண்டாம்; மூன்று மாதத்தில் தானாகத் தெரியும். குறிப்பேட்டிலிருந்து தேதியும் ஒரு வரியும் மட்டும் ஏற்றுங்கள். ஏதாவது ஒரு தலைப்பில் 7, 8 வரி சேர்ந்ததென்றால் அதில் ஒரு கட்டுரை இருக்கிறது. 300 சொல்லில் எழுதிப் பாருங்கள். முதலில் ‘க’ வரிகளை வையுங்கள். எழுதியதை அந்த விஷயம் தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வெள்ளைப் பணியாரத்தைப் பற்றி நான் எழுதியதைக் கேட்ட எங்கள் அப்பத்தா, “மாவு தோசை மாவு பதம்னு எழுதியிருக்க. அதைவிட இளக்கமா இருக்கணும். அப்பத்தான் ஊத்தின உடனே எந்திரிக்கும்” என்றார். திருத்தினேன். பணியாரமும் அன்று நன்றாக வந்தது.

விட்டுப்போன நாட்களுக்காக வருந்தி, பழைய தேதி போட்டு நிரப்பாதீர்கள். கணக்கில் அது பொய். ‘எழுதவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டு அன்றைய பக்கத்துக்குப் போங்கள்.

சித்திரை முதல் நாள் ஐந்தொகை

வருஷப் பிறப்பன்று பழைய நோட்டு முழுவதையும் ஒரே மூச்சில் படியுங்கள். மூன்று பட்டியல் எடுங்கள். இந்த ஆண்டு புதிதாகத் தெரிந்துகொண்டது. தவறென்று தெரிந்து திருத்தியது. பதில் கிடைக்காத கேள்வி. முதல் இரண்டும் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு. மூன்றாவது நிலுவை, அதைப் புது நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே ஏற்றுங்கள்.

எனக்கு இந்த ஆண்டு நிலுவை 6. முதலாவது போன ஆடியில் வந்தது. எங்கள் ஊருணியில் தண்ணீர் மிகவும் இறங்கி 13-ஆவது படி தெரிந்தபோது, அதன் இடது ஓரத்தில் சங்கு போல ஒரு குறி வெட்டியிருந்ததைப் பார்த்தேன். யார் வெட்டியது, எந்த அளவுக்கு அடையாளம் என்று கேட்ட நான்கு பேருக்கும் தெரியவில்லை. வயலுக்கு நீர் பாய்ச்சும் ஒரு பெரியவர் மேலத் தெருவில் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும்.